ஏத்தம் நின்னுபோச்சு, பாட்டு நிக்கல

மாமல்லபுரத்துக்குச் சுத்திப் பார்க்க வர்றவங்க அஞ்சு ரதத்துக்கு முன்னாடி நின்னு கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "பாண்டவங்க இங்க வந்து தங்கினாங்களா?" எங்க வீட்டுக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்களே கேட்டிருக்காங்க.

வரலை. ஏழாம் நூற்றாண்டுல பல்லவர் காலத்துல பாறையைக் குடைஞ்சு செதுக்கின கோயில்கள் அவை. தேர் மாதிரி இருக்கறதால ரதம்னு பேர் வந்துச்சு. திரௌபதி ரதம்னு சொல்றோமே, அது துர்க்கைக்காகச் செதுக்கின கோயில். உள்ள எட்டிப் பார்த்தா துர்க்கைதான் நிக்கிறாள். தர்மராஜ ரதத்துல ராஜாவோட பட்டப்பேருங்க வரிசையா வெட்டியிருக்கு, தருமர் பேர் ஒரு இடத்திலயும் கிடையாது. கொஞ்சம் தள்ளி இருக்கிற பெரிய பாறைச் சிற்பத்தை நாம அர்ச்சுனன் தபசுன்னு சொல்றோம். ஒத்தைக் கால்ல நிக்கிறது அர்ச்சுனனா பகீரதனான்னு படிச்சவங்க இன்னும் வழக்காடிக்கிட்டுதான் இருக்காங்க.

அப்போ இந்தப் பேரையெல்லாம் வச்சது யாரு? பின்னாடி வந்த ஊர் ஜனங்கதான். ஏன் பாண்டவங்க பேரா பார்த்து வச்சாங்கங்கறதுக்கு எனக்கு ஒரு அனுமானம் உண்டு. இது என் அனுமானம் மட்டும்தான், எந்தப் புத்தகத்திலயும் தேடாதீங்க. ராத்திரி ராத்திரியா பாரதக் கூத்து பார்த்துட்டு, காதுல அந்தப் பாட்டு ஓயாம விடியக்காலையில மாட்டை ஓட்டிக்கிட்டுப் போன ஒருத்தனுக்கு, ஒரே இடத்துல அஞ்சு கல் கோயில் கண்ணுல பட்டா வேற என்ன தோணும்? பெருசா நிக்கிறது தருமர், நீளமா படுத்தாப்புல இருக்கிறது பீமன். கூத்து முடிஞ்சாச்சு. பாட்டு அவன் கூடவே நடந்து வந்து கல்லு மேல ஏறிக்கிச்சு.

பாரதம் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. காஞ்சிபுரம் பக்கத்துல கூரம்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, அதாவது அதுவும் ஏழாம் நூற்றாண்டு. அந்த ஊர் நிலத்தைப் பங்கு பிரிச்சு தானம் கொடுத்தப்போ, மண்டபத்துல பாரதம் வாசிக்கிறவருக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கினதா அதுல எழுதியிருக்கு. நெல்லு விளையிற பூமியில ஒரு பங்கை எடுத்து, கதை சொல்றவன் வயித்துக்குன்னு வச்சிருக்கான் ராஜா. 1,300 வருஷத்துக்கு முந்தின சமாசாரம். நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான். பள்ளிக்கூடத்துல பல்லவர் பாடம் நடத்தினப்போ இதை யாரும் சொல்லித் தரலை.

அப்புறம் நடுவுல ஆயிரம் வருஷம் தாண்டி வாங்க. ஆற்காட்டு நவாபு 1763-ல இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்காரங்களுக்கு ஜாகீரா கொடுத்தார். இங்க என்ன இருக்கு, எவ்வளவு தேறும்னு கணக்குப் பார்க்க தாமஸ் பார்னார்டுங்கற இஞ்சினீரை அனுப்பினாங்க. 1767-லேர்ந்து 1774 வரைக்கும் சுமார் 2,000 ஊரை அளந்து எழுதினார். ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, யார் வீடு எத்தனை, விளைச்சல்ல யாருக்கு எவ்வளவு போகுதுன்னு எல்லாம் அதுல இருந்துச்சு. ரொம்ப நாள் தூசியில கிடந்த அந்தக் கணக்கை 1960-கள்ல தரம்பால் எடுத்துப் படிச்சு வெளியில கொண்டுவந்தார். களத்து மேட்டுல நெல்லு அளக்கும்போது நிலத்துக்காரன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தச்சர், கொல்லர், மதகுக் காவல், கணக்குப்பிள்ளைன்னு ஒவ்வொருத்தருக்கும் பங்கு பிரிஞ்சு போகும். அந்தக் கணக்குல மேளக்காரரும் உண்டு, தேவதாசியும் உண்டு.

இதை நான் ஒரு விவசாயியா படிக்கிறேன். நெல்லு அளக்கிற நேரத்துல மேளச் சத்தம் எதுவும் இருக்காது. திருவிழா முடிஞ்சு மாசக்கணக்கா ஆகியிருக்கும். அப்பவும் அவருக்கு அளந்து போட்டிருக்காங்க. நாம இப்போ டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள போறோம், கச்சேரி முடிஞ்சா கணக்கும் முடிஞ்சுது. அன்னைக்கு அப்படி இல்ல. வாசிச்சு முடிச்ச வாத்தியத்துக்கும் வருஷம் பூரா ஊர்ல ஒரு இடம் இருந்திருக்கு.

கூத்து பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா சொல்றேன். எங்க பக்கம் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்கள்ல கோடைக்காலத்துல, அறுப்பு முடிஞ்சு கழனி காலியா கிடக்கும்போது, பாரதம் வைப்பாங்க. மத்தியானத்துல பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாட்டா படிச்சு விளக்கம் சொல்வார். அது நாள் கணக்கா நடக்கும். கடைசிப் பத்துப் பன்னெண்டு நாள் ராத்திரியில கூத்து. பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடியிற வரைக்கும். தலையிலயும் தோள்லயும் மரத்தால செஞ்ச கட்டைகளைக் கட்டிக்கிட்டு ஆடறதால கட்டைக்கூத்துன்னும் சொல்வாங்க. மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், இதோட முகவீணை. பேர்லதான் வீணை இருக்கு, அது ஊதுற வாத்தியம். நாதஸ்வரத்துக்குக் குட்டித் தம்பி மாதிரி ஒரு முழம்கூட இருக்காது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு கழனி தாண்டிப் படுத்திருக்கிறவனை எழுப்பி உட்கார வச்சிடும்.

பதினெட்டாம் போர் கூத்து முடியிறப்போ விடிஞ்சிடும். யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. வெளியில மண்ணுல பெரிசா துரியோதனன் உருவம் செஞ்சு படுக்கப் போட்டிருப்பாங்க. ஒரு ஆள் உயரம் இல்ல, பத்து ஆள் நீளம். ராத்திரி மேடையில ஆடின பீமனும் துரியோதனனும் வேஷத்தோட வெயில்ல இறங்கி வந்து அந்த மண்ணு மேல சண்டை போடுவாங்க. தொடையில அடி விழும். திரௌபதி கூந்தலை முடிவாள். பதினெட்டு நாள் துரியோதனனைத் திட்டிக்கிட்டு இருந்த பொம்பளைங்க அப்போ அவனுக்கு ஒப்பாரி வைப்பாங்க. இதுக்குப் பேர் படுகளம். சாயங்காலம் தீமிதி.

சின்ன வயசுல எனக்கு இது விளங்கினது இல்ல. கதைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் வெயில்ல நிக்க வைக்கிறாங்கன்னு தூக்கக் கலக்கத்துல எரிச்சலா வரும். இப்போ யோசிச்சா, எங்க முன்னோருங்க ரொம்பத் தெரிஞ்சுதான் அப்படி வச்சிருக்காங்கன்னு தோணுது. அத்தனை ராத்திரி கேட்ட பாட்டு மனசுக்குள்ள தேங்கி நிக்கும், ஏரியில தண்ணி நிக்கிற மாதிரி. அப்படியே விட்டுட்டா கரையை அறுக்கும். மதகு திறந்து விட ஒரு இடம் வேணும். படுகளத்து ஒப்பாரி அந்த மதகு. அழுது, நெருப்பு மிதிச்சு, மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டு வீட்டுக்குப் போறப்போ பாட்டு போயிடாது. கூடவே வரும், ஆனா தொந்தரவு பண்ணாது. ஆறு மாசம் கழிச்சு நாத்து நடும்போது ஒருத்தி எதையோ முணுமுணுப்பா, பக்கத்துல இருக்கிறவ எடுத்துக் கொடுப்பா. அது அந்தப் பதினெட்டாம் நாள் பாட்டா இருக்கும்.

கர்ண மோட்சம் கதை இன்னும் அழுத்தமானது. எங்க வட மாவட்டங்கள்ல சாவு வீட்டுல பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. வைக்கிறது பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். கர்ணன் சண்டைக்குப் புறப்படுறான். அவன் பொண்டாட்டி பொன்னுருவி, இத்தனை காலம் தேரோட்டி வளர்த்தவன்னு மதிக்காதவள், அன்னைக்குத்தான் அவன் யாருன்னு தெரிஞ்சுக்கிறா. அவன் திரும்பி வரப்போறது இல்லைன்னு அவளுக்கும் தெரியும், பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கடைசியில குந்தி வந்து மடியில எடுத்துப் போட்டுக்கிட்டு, இவன் என் மகன்னு ஊரறிய அழுவா.

எங்க அப்பா செத்தப்போ எங்க வீட்டுல இதுக்கு ஒரு வாக்குவாதமே நடந்துச்சு. செலவு எதுக்கு, அந்தக் காசுக்கு நாலு பேருக்கு நல்லா சாப்பாடு போடலாமேன்னு மாமன் மச்சான்ல ஒரு பக்கம் பேசினாங்க. இப்போ யாரு விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறாங்கன்னு இளவட்டம் கேட்டுச்சு. சித்தப்பா ஒரே வார்த்தையில முடிச்சார்: "எங்க அண்ணனைப் பாடி அனுப்பணும்." கூத்து நடந்துச்சு. பதினஞ்சு நாளா அழாத எங்க அம்மா, பொன்னுருவி வழிமறிக்கிற இடத்துல அழுதாங்க. பொன்னுருவி வேஷம் கட்டினது எங்க வயசு ஆம்பளை ஒருத்தர், மீசையை மழிச்ச இடம் வேர்வையில பளபளன்னு தெரியுது. அதனால ஒண்ணும் குறையலை.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல, விடியக்காலம் மோட்டார் போடப் போவேன், சுவிட்சைத் தட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு நிமிஷ அமைதியில முகவீணை கேட்கும். காதுல இல்ல, எங்கேயோ நெஞ்சுக்கூட்டுக்குள்ள. துக்கம்னு சொல்ல மாட்டேன். வாய்க்கால் அந்தாண்ட அப்பா மம்முட்டியோட நிக்கிறாருங்கற மாதிரி ஒரு உணர்வு. மோட்டார் ஓட ஆரம்பிச்சா அந்தச் சத்தத்துல போயிடும்.

மோட்டார்னு சொன்னதும் ஏத்தம் ஞாபகம் வருது. இதைத்தான் முக்கியமா எழுதணும்னு உட்கார்ந்தேன்.

ஏத்தம் பார்த்திருக்கிறவங்க இப்போ குறைஞ்சுபோயிட்டாங்க. கிணத்தோரம் ரெண்டு கால் நட்டு, அது மேல நீளமா ஒரு மரம், ஏத்த மரம். ஒரு முனையில மூங்கில் கழி தொங்கும், கழி நுனியில சால். மரத்து மேல ஒரு ஆள், பெரிய ஏத்தமா இருந்தா ரெண்டு பேர், பிடிமானத்துக்கு ஒரு கம்பைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் நடப்பாங்க. கிணத்துப் பக்கம் நடந்தா சால் தண்ணியில இறங்கும். பின்னாடி நடந்தா மேல வரும். கீழ நிக்கிறவர் சாலைப் பிடிச்சுக் கவிழ்த்து வாய்க்கால்ல விடுவார். வெள்ளைக்காரன் இதுக்கு பிக்கோட்டான்னு பேர் வச்சு எழுதியிருக்கான். கால் தவறினா கிணத்துக்குள்ளதான். நட்சத்திரம் இருக்கும்போதே ஆரம்பிச்சு வெயில் ஏறுற வரைக்கும் இறைப்பாங்க.

இத்தனை ஆளுங்களோட கையும் காலும் ஒரே நேரத்துல அசையணும். அதுக்குப் பாட்டு. பிள்ளையாரைக் கும்பிட்டு ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டுன்னு சால் எண்ணிக்கையைப் பாட்டுக்குள்ளயே வச்சு பாடிக்கிட்டே போவாங்க. கீழ இருக்கிறவர் ஒரு அடி சொன்னா மேல இருக்கிறவர் வாங்கிக்குவார். எத்தனை சால் இறைச்சோங்கறதுக்கு வேற கணக்கு கிடையாது, பாட்டுதான் கணக்கு. பக்கத்துக் கழனிக்காரன் பாட்டைக் கேட்டே, இவன் இன்னும் அம்பதைத் தாண்டலைன்னு சொல்லிடுவான். எங்க சீமை ஏரிச் சீமை. பார்க்கிற திசையெல்லாம் ஏரி, தாங்கல், சித்தேரி. ஏரி நிறைஞ்சிருக்கிற வரைக்கும் மதகு வழியா தண்ணி தானா வரும், பாட்டுக்கு வேலை இல்ல. ஏரி வத்தி, பயிர் கதிர் பிடிக்கிற நேரத்துல தொண்டை காய்ஞ்சு நிக்கும் பாருங்க, அப்பதான் ஏத்தம். அதனால ஏத்தப்பாட்டு எங்களுக்குச் சந்தோஷப் பாட்டு மட்டும் இல்ல. அந்த வருஷ நெல்லு வீடு வந்து சேருமா சேராதாங்கற பயமும் அதுக்குள்ள இருக்கும்.

கம்பரைப் பத்தி ஒரு செவிவழிக் கதை தமிழ்நாடு பூரா உண்டு. கம்பர் ஒரு நாள் சாயங்காலம் நடந்து போறார். ஏத்தம் இறைக்கிறவன் பனித்துளியைப் பத்தி ஒரு அடி பாடுறான். அழகான அடி. அடுத்த அடிக்குக் காத்துக்கிட்டு நிக்கிறார். பொழுது சாஞ்சிடுச்சுன்னு அவன் பாட்டை அந்த இடத்திலயே விட்டுட்டு இறங்கிப் போயிட்டான். கம்பருக்கு ராத்திரி பூரா தூக்கம் வரலை. அவரே அதை முடிச்சுப் பார்க்கிறார், எதுவும் பொருந்தலை. மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே போய் கிணத்தோரம் ஒளிஞ்சு நின்னு, அவன் ரெண்டாவது அடியைப் பாடினதும் கேட்டுட்டு, ஏத்தப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லைன்னு சொன்னாராம். நடந்துச்சோ இல்லையோ, இந்தக் கதையைக் கட்டினவன் ஒரு விஷயத்தை நல்லா கவனிச்சிருக்கான். முழுசா கேட்ட பாட்டை விட, பாதியில அறுந்த பாட்டுதான் ஆளைத் தூங்க விடாது.

இதையே வேற தேசத்துல ஒரு அம்மா சோதனை பண்ணி எழுதியிருக்காங்க. ப்ளூமா ஜைகார்னிக்னு பேர். பெர்லின்ல படிச்சவங்க. 1927-ல வெளியிட்ட ஆராய்ச்சியில, முடிச்ச வேலையை விட பாதியில நிறுத்தின வேலைதான் மனுஷனுக்கு அதிகம் ஞாபகம் இருக்குன்னு சொன்னாங்க. ஓட்டல் சர்வருங்க காசு வாங்காத மேசைக் கணக்கை அப்படியே மனசுல வச்சிருக்கிறதும், காசு வாங்கினதும் மறந்துபோறதும்தான் அந்த யோசனைக்கு ஆரம்பம்னு சொல்வாங்க. பின்னாடி மத்தவங்க பண்ணிப் பார்த்த சோதனை எல்லாத்திலயும் அதே முடிவு வரலையாம். இருந்தாலும் கம்பர் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அம்மா சொன்னது சட்டுன்னு பிடிபட்டுச்சு.

எங்க பக்கம் ஏத்தப்பாட்டு பாதியில அறுந்ததுக்குக் காரணம் பொழுது சாஞ்சது இல்ல, கரண்டு வந்தது. காமராஜர் காலத்துல ஊர் ஊரா மின்சாரம் இழுத்தாங்க, மின்வாரியம் 1957-ல அமைஞ்சது. அதுக்கடுத்த இருபது வருஷத்துல எண்ணெய் இஞ்சினும் பம்புசெட்டுமா வந்து, மாடு இழுக்கிற கவலையும் ஆள் மிதிக்கிற ஏத்தமும் ஒண்ணொண்ணா நின்னுச்சு. எங்களுக்குக் கூப்பிடு தூரத்துல கல்பாக்கத்துல அணு உலையே 1983-ல ஓட ஆரம்பிச்சது. நான் பையனா இருந்தப்போ எங்க ஊர்ல ஒரே ஒரு ஏத்தம் மிச்சம் இருந்துச்சு, பிறகு அந்த மரம் மாட்டுக்கொட்டாய்க்குத் தூலமாச்சு. நல்லதுதான் நடந்தது. இதுக்காக நான் ஏங்கிக்கிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. ஏத்தம் மிதிச்சவங்க முட்டியைப் பார்த்தவன் யாரும் அது திரும்ப வரணும்னு சொல்ல மாட்டான். அதுல பாதிப்பேர் சொந்தக் கழனிக்கு இறைச்சவங்களும் கிடையாது.

ஆனா பாட்டு? மோட்டார் கொட்டாய்க்கு ஏத்தக்கார பாட்டு எதுக்கு? அது எங்க போச்சு?

எங்க தெருவுல ஒரு பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை. எண்பத்தஞ்சுக்கு மேல ஆகுது. வாலிபத்துல ஏத்த மரத்து மேல நடந்தவர். போன கோடையில அவர் பேரன் செல்போனை நீட்டி, "தாத்தா, ஏத்தப்பாட்டு பாடு"ன்னான். நாலு அடி பாடினார், நின்னுட்டார். திரும்ப ஆரம்பிச்சார், திரும்பவும் அதே இடத்துல நின்னுட்டார். "சால் எங்கடா? சால் இல்லாம என்னாத்தைப் பாடுறது?"ன்னு கோவிச்சுக்கிட்டார். பையன் விட்டுட்டான். அன்னைக்கு ராத்திரி அவர் மருமகள் பார்த்துச்சாம், கட்டில்ல படுத்தபடியே ரெண்டு காலும் ஒரு அளவா முன்னும் பின்னும் போய்க்கிட்டு இருந்துச்சுன்னு. உதடு அசையுது, சத்தம் இல்ல. காலையில நான் போய் விசாரிச்சேன். "தூங்கலையா பெரியப்பா?" "எங்க தூங்க வுட்டானுங்க? தொண்ணூத்தி ஆறு வரைக்கும் வந்துட்டேன்டா நைனா"ன்னார்.

வாய்க்கு வராத பாட்டு காலுக்கு வந்திருக்கு. அவர் கட்டிலுக்கும் அந்தக் கிணத்துக்கும் நடுவுல அம்பது வருஷம்.

இந்தக் கதை கழனியோட நிக்கலை. எங்க ஊர்லேர்ந்து கிழக்கே சவுக்குத் தோப்பைத் தாண்டினா கடல். அங்க கரைவலை இழுக்கிறவங்களுக்கு அம்பாப் பாட்டு. வலையோட ஒரு பக்கக் கயித்தைக் கரையில வச்சுக்கிட்டு, படகு அரைவட்டமா சுத்தி வலையைப் போட்டு வந்து மறு கயித்தைக் கரையில சேர்க்கும். அப்புறம் ரெண்டு வரிசையா ஆளுங்க நின்னு இழுப்பாங்க. மணிக்கணக்கா ஆகும். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மத்தவங்க திருப்பிச் சொல்ல, அந்தத் திருப்பிச் சொல்ற நேரத்துலதான் இழுப்பு. ஏத்தப்பாட்டைப் போலவே இதுவும் உடம்புக்குள்ள போற பாட்டு. வலை மடி கரைக்கு வர வர பாட்டு வேகம் பிடிக்கும், மீன் துள்ளுறது தெரிஞ்சதும் சட்டுன்னு நின்னு எல்லாரும் ஒரே கூச்சல். இப்போ பெரும்பாலும் பைபர் படகும் இஞ்சினும்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. இஞ்சின் சத்தத்துல யாரு பாடினா யாருக்குக் கேட்கும்?

புத்தகத்துல சேர்த்து வச்சிருக்காங்களேன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான். பெர்சி மக்வீன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊர் ஊரா போய் சேகரிச்ச பாட்டுங்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்சு, தஞ்சாவூர் சரசுவதி மகால் 1958-ல 'மலையருவி'ன்னு புத்தகமா போட்டுச்சு. வானமாமலையும் பெரிய வேலை பண்ணியிருக்கார். அவங்க இல்லேன்னா வார்த்தையும் போயிருக்கும். கூத்துக்குக்கூட காஞ்சிபுரத்துப் பக்கம் 1990-ல கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, பிறகு குருகுலம் வச்சு, ஆம்பளைப் பசங்க மட்டுமே ஆடின கூத்துல பொம்பளைப் பிள்ளைங்களையும் ஆட வச்சாங்க. பி.ராஜகோபால் அதுல முக்கியமானவர்.

எழுதி வைக்கிறதுக்கு எல்லை உண்டுங்கறதுக்கு ஒரு கல்லே சாட்சியா இருக்கு. புதுக்கோட்டை பக்கம் குடுமியான்மலையில குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில, ஏழு ராகத்துக்கு சுரம் சுரமா வெட்டி வச்சிருக்காங்க. மகேந்திரவர்ம பல்லவன் வெட்டினதுன்னு ரொம்ப நாள் சொன்னாங்க, இப்போ ஆராய்ச்சிக்காரங்க அவ்வளவு உறுதியா சொல்றது இல்ல. எப்படியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷம். பல்லவனுங்க சங்கீதப் பைத்தியம்தான். காஞ்சி கைலாசநாதர் கோயில்ல ராஜசிம்மன் தன்னோட பட்டப்பேருங்களை வரிசையா வெட்டினான், அதுல வீணா நாரதன்னு ஒண்ணு. ஆனா குடுமியான்மலைச் சுரத்தை அன்னைக்கு எப்படி வாசிச்சாங்க, எங்க இழுத்தாங்க, எங்க நிறுத்தினாங்க, கேட்டவன் வீட்டுக்குப் போய் என்ன ஆனான்? அதைக் கல்லு சொல்லாது. எழுத்து அழியாம நிக்குது, அதைக் கேட்டு வளர்ந்த காதுங்க ஒண்ணும் இல்ல. எங்க பெரியப்பாவுக்கு நேர் எதிர். அவர்கிட்ட எழுத்து இல்ல, மத்தது எல்லாம் இருக்கு.

இன்னும் காதும் காலும் உயிரோட இருக்கிற ஒரு இடத்தைச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர் ஜனங்க வருவாங்க. செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம், இன்னும் தெற்கே இருந்தெல்லாம். நெல்லு மிஷின்லயும் செங்கல் சூளையிலயும் கூலிக்குக் கிடக்கிறவங்க, ஏரிக்கரையில குடிசை போட்டிருக்கிறவங்க. வடநெம்மேலியில 1978-ல தொடங்கின பாம்பு பிடிக்கிறவங்க கூட்டுறவுச் சங்கம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, விஷக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது இவங்கதான். அந்த ஒரு நாளைக்குக் கடலோரம் நாலு குச்சி நட்டு, சேலையைச் சுத்திக் குடில் போட்டு, ராத்திரி மணல்லயே தங்குவாங்க. கன்னியம்மா கடல்ல இருக்காள், அவளைக் கரைக்குக் கூப்பிடணும். பாட்டும் ஆட்டமுமா பௌர்ணமி ராத்திரி போகும். விடியக்காலையில மணல்ல படி கட்டி, பூ வச்சு, கடலைப் பார்த்துக் கும்பிடுவாங்க. பொண்ணு பார்க்கிறது, பரிசம் போடுறது, தாலி கட்டுறது எல்லாம் அங்கேயே.

நான் மூணு தடவை போயிருக்கேன். சூரியன் ஏறினதும் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. பத்து மணிக்கு மேல டூரிஸ்ட்டுங்க வர ஆரம்பிப்பாங்க, மணல்ல இருக்கிற படியும் பூவும் என்னான்னு தெரியாம போட்டோ எடுப்பாங்க. போன தடவை எங்க கழனியில நாத்து நட வர்ற ஒரு இருளர் அம்மாவை அங்க பார்த்தேன். அவங்க பொண்ணுக்கு அன்னைக்குத்தான் பரிசம் போட்டிருந்தாங்க. நாலு நாள் கழிச்சு வேலைக்கு வந்தப்போ குனிஞ்ச தலை நிமிராம ஏதோ பாடிக்கிட்டே இருந்தாங்க. "என்னாம்மா, இன்னும் கடற்கரையிலயே இருக்கிறியா?"ன்னு கேட்டேன்.

"கன்னியம்மா கூடவே வந்துட்டா அண்ணா, அனுப்பினாலும் போவ மாட்றா"ன்னு சொல்லிட்டு, அடுத்த முடியைப் பிரிச்சு நட ஆரம்பிச்சாங்க.